கேஸ் லிஃப்ட் மாற்றியாச்சு, கைப்பிடியை என்ன செய்ய?

நாற்காலியின் கேஸ் லிஃப்டை, அதாவது இருக்கையை ஏற்றி இறக்கும் வாயு சிலிண்டரை, மாற்றிய கையோடு எழுதுகிறேன். இதே மாடலை வாங்கலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார்.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் இருக்கை தானாகக் கீழே இறங்குவது பல நாற்காலிகளுக்கும் வருவதுதான். சிலிண்டருக்குள் சீல் தேய்ந்து வாயு கசிந்தால் எடை தாங்காது. இதற்காகக் கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன். சிலிண்டரைப் பிடித்திருப்பது திருகாணி அல்ல, கூம்பு போல் சரிந்த அதன் முனைதான். உட்கார உட்கார இறுகிவிடும். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் கழற்ற முடிந்தது. புதியதை மாட்டுவது சுலபம்.

முதுகுக்கு இதைவிட நல்ல நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை. இடுப்புத் தாங்கியை ஏற்றி இறக்கலாம். இருக்கையை முன்பின் நகர்த்தி, முழங்காலுக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் இடைவெளி வரும்படி வைத்துக்கொள்ளலாம். சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்திருப்பது அடியோடு நின்றுவிட்டது.

ஆனால் அந்தக் கைப்பிடி! என் மேசை 75 செ.மீ. உயரம், கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் அளவு. தோளைத் தூக்காமல் தட்டச்சு செய்ய முழங்கை மேசை மட்டத்துக்கு வர வேண்டும். அதற்காக இருக்கையை உயர்த்தினேன், தொங்கிய பாதங்களுக்குக் கால்பலகை போட்டேன். இருக்கையோடு கைப்பிடியும் சேர்ந்து உயர்கிறது. எவ்வளவு தாழ்த்தினாலும் மேசை விளிம்பில் போய் இடிக்கிறது. நாற்காலி உள்ளே போகாததால் விசைப்பலகைக்காக நான்தான் முன்னால் குனிகிறேன். குனிந்ததும் முதுகு சாய்மானத்தை விட்டு விலகிவிடுகிறது. எதற்காக இந்த நாற்காலியை வாங்கினேனோ, அந்த இடுப்புத் தாங்கி பின்னால் சும்மா நிற்கிறது!

இருக்கையைத் தாழ்த்தினால் கைப்பிடி மேசைக்கடியில் போகும். ஆனால் தோள் காதை நோக்கி ஏறும், கழுத்து இறுகும். மேசைக்கடியில் கீபோர்டு டிரே மாட்டினால் அதிலும் இதே கைப்பிடி முட்டும். சரி, கழற்றி எறியலாம் என்றால் இந்த மாடலில் சாய்மானத்தையும் இருக்கையையும் இணைப்பதே கைப்பிடிதான். கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். வடிவமைப்பே அப்படித்தான் என்று ஒரு வரியில் பதில் வந்தது. கைப்பிடி இன்னும் நாலு விரல் இறங்கியிருந்தால் இத்தனை புலம்பலுக்கு வேலையே இல்லை.

திரையில் எனக்குத் தொல்லை எதுவும் இல்லை. மடிக்கணினியை ஸ்டாண்டில் ஏற்றி, மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வந்ததுமே கழுத்து சரியாகிவிட்டது. விசைப்பலகை தனியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். முதுகைப் பற்றி மேலே சொன்ன அத்தனையும் உண்மை, இருந்தாலும் வேண்டாம். உயரம் மாற்றக்கூடிய மேசை இருந்தால் மட்டும் யோசியுங்கள். வேறு எதைப் பார்த்தாலும், பாதம் தரையில் படிய உட்கார்ந்து அளக்காதீர்கள். நீங்கள் வேலை செய்யும் உயரத்துக்கு இருக்கையை ஏற்றி, கைப்பிடியை முழுக்கத் தாழ்த்தி, தரையிலிருந்து அதன் உயரத்தை அளந்து பாருங்கள். மேசையின் அடிப்பக்கம் அதைவிட உயரத்தில் இருந்தால் மட்டும் பணத்தைக் கொடுங்கள்.