கூடவே நிற்பதா, விலகி நிற்பதா?

பத்து வயதுப் பிள்ளை, புத்தக அலமாரியைத் தானே செய்யப்போவதாகச் சொல்கிறது. கூடவே நின்றால் வேலை ஒரே நாளில் முடியும், நேராகவும் வரும். ஆனால் அளந்ததும் அறுத்ததும் நம் கைதான்.

விட்டுவிட்டால் பலகை குட்டையாகும், சட்டம் கோணும், இரண்டு வாரம் இழுக்கும். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்தும் ஏன் கோணுகிறது? மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாக இல்லை! அதைத் தானே அளந்து கண்டுபிடித்த பிள்ளை லேசில் மறக்காது.

பிள்ளைகளுக்கான உதவியை 1976இல் உளவியல் ஆய்வாளர்கள் வுட், புரூனர், ராஸ் மூவரும் கட்டடச் சாரத்தோடு ஒப்பிட்டார்கள். சாரம் என்றாலே பிறகு பிரித்துவிடுவதுதானே. நான் விலகி நிற்பதன் பக்கம். டிரில்லும் மின்ரம்பமும் மட்டும் விதிவிலக்கு: அப்போது பெரியவர் பக்கத்தில் நின்றே ஆகவேண்டும், பிள்ளை பாதுகாப்புக் கண்ணாடி போட்டே ஆகவேண்டும்.