அடிதடி வழக்கில் எதிரிக்கு உள்ள வழிகள்: ராஜியா, ரத்து மனுவா, விசாரணையா?

அடிதடி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர், அதாவது நீதிமன்ற மொழியில் ‘எதிரி’, வழக்கறிஞரிடம் முதலில் கேட்பது ‘ஜெயிக்க முடியுமா?’ என்பதுதான். ஆனால் ராஜி (இரு தரப்பும் சமாதானமாகி வழக்கை முடித்துக்கொள்வது), உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு, குற்ற ஒப்புதல் பேரம், விடுவிப்பு மனு, முழு விசாரணை என்று ஐந்து வழிகள் இருக்கையில், அவற்றை எடைபோட வேறு இரண்டு கேள்விகளே உதவும். ஒவ்வொரு வழிக்கும் யாருடைய சம்மதம் தேவை என்பது ஒன்று. அந்த வழியின் இறுதியில் எதிரியின் பெயருக்கு எதிரே விடுதலை என்று எழுதப்படுமா, தண்டனை என்று எழுதப்படுமா என்பது மற்றொன்று. சுலபமாகத் தோன்றும் வழி தண்டனையில் முடிவதும், அலைச்சல் மிகுந்த வழி வழக்கையே இல்லாமல் ஆக்குவதும் இங்கே சகஜம்.

எந்த வழி திறந்திருக்கிறது என்பதை முதல் தகவல் அறிக்கையில் உள்ள பிரிவுகளே தீர்மானிக்கின்றன. 2024 ஜூலை 1 அன்றோ அதற்குப் பின்னரோ நடந்த சம்பவங்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். அதற்கு முந்தையவற்றுக்கு இந்திய தண்டனைச் சட்டமே தொடர்கிறது. புதிய சட்டத்தில் சாதாரணக் காயம் விளைவித்தல் 115(2) (பழைய 323). ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்துவது 118(1) (பழைய 324). மூன்றாண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கொடுங்காயம் 117(2) (பழைய 325), ஏழாண்டு வரை சிறையும் அபராதமும். ஆயுதத்தால் கொடுங்காயம் 118(2) (பழைய 326) என்றால் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சமாகப் பத்தாண்டு அல்லது ஆயுள் தண்டனை. இந்த வரிசையில் ஒரு விநோதமும் உண்டு: கையால் குத்தி எலும்பை முறித்த குற்றம் பிணையில் விடத்தக்கது; கத்தியால் கீறிச் சிறு காயம் ஏற்படுத்திய குற்றம் புதிய சட்டத்தின்படி பிணையில் விடத்தகாதது.

நடுவர் முன் ராஜி, உயர் நீதிமன்றத்தில் ரத்து

காயம்பட்டவர் சமாதானத்துக்கு உடன்படுகிறார் என்றால் இரண்டு பாதைகள் உள்ளன. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359-ஆம் பிரிவு (பழைய 320) எந்தெந்தக் குற்றங்களை ராஜி செய்துகொள்ளலாம் என்று பட்டியலிடுகிறது. 115(2)-க்கும், வழிமறித்தல் குற்றமான 126(2)-க்கும் பாதிக்கப்பட்டவரின் சம்மதமே போதும். 117(2)-க்கு நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும். ராஜி ஏற்கப்பட்டால் அதன் சட்டப் பலன் விடுதலை என்று அந்தப் பிரிவே சொல்கிறது. செலவு குறைவு, வழக்கு நடக்கும் அதே நடுவர் நீதிமன்றத்தில் முடிந்துவிடும், மேல்முறையீட்டுப் பயமும் இல்லை. இந்தப் பாதை திறந்திருக்கும்போது வேறு எதையும் யோசிக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து.

சிக்கல், இது திறந்திருப்பது அரிது என்பதில் இருக்கிறது. 118(1) அந்தப் பட்டியலில் இல்லை, 118(2) இல்லை, கொலை முயற்சியான 109 இல்லை. இவையெல்லாம் கடுமையான குற்றங்கள் என்பதால் காரணம் புரிகிறது. ஆனால் மூன்று மாதம் மட்டுமே அதிகபட்சத் தண்டனையாக உள்ள 296-ஆம் பிரிவும், அதாவது பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டுதல் என்ற பழைய 294(பி)-யும், பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டு அடிதடி வழக்குகளில் வழக்கமாகக் காணப்படும் பிரிவு இது. 115(2) மட்டும் இருந்தால் நடுவரின் உத்தரவின்றிக் காவல்துறை புலனாய்வு செய்ய முடியாது. உடன் 296 சேரும்போது வழக்கு முழுவதும் பிடியாணை வேண்டாக் குற்ற வழக்காக, அதாவது நடுவரின் உத்தரவின்றியே காவல்துறை நடவடிக்கை எடுக்கக்கூடிய வழக்காக, ஆகிவிடுகிறது. ஆக, கன்னத்தில் ஓர் அறையில் தொடங்கிய வழக்கில் இரு தரப்பும் சமாதானமாகிவிட்ட பிறகும், ஒரு வசைச் சொல்லுக்காக நடுவர் முன் ராஜி முழுமையடையாமல் நிற்கிறது. வெறும் வசை இந்தக் குற்றமாகாது, சொல்லில் ஆபாசம் இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கு ஒன்றில் 2022-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தும், முதல் தகவல் அறிக்கைகளில் அந்தப் பிரிவு தொடர்ந்து இடம்பெற்றுவருகிறது.

அப்போது எஞ்சுவது உயர் நீதிமன்றம். அதே நடைமுறைச் சட்டத்தின் 528-ஆம் பிரிவில் (பழைய 482) உள்ள உள்ளார்ந்த அதிகாரத்தைக் கொண்டு, ராஜி செய்யத்தகாத குற்றங்களையும் சமரசத்தின் அடிப்படையில் ரத்து செய்யலாம் என்பதை 2012-ல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தனிப்பட்ட பகையில் எழுந்த குற்றங்களுக்கும், சமுதாயத்தையே பாதிக்கும் கொலை, பாலியல் வன்முறை போன்ற குற்றங்களுக்கும் அது கோடு கிழித்தது. கொலை முயற்சிப் பிரிவு சேர்க்கப்பட்டிருந்தால் என்ன செய்வது என்பதற்கு 2014-ல் நரிந்தர் சிங் வழக்கு விடை தந்தது: பிரிவின் பெயரைப் பார்த்து மட்டும் மறுக்காமல், காயம் உடலின் எந்தப் பாகத்தில் பட்டது, எந்த ஆயுதம் பயன்பட்டது, அந்தப் பிரிவு உண்மையிலேயே பொருந்துகிறதா என்பதை நீதிமன்றம் பார்க்க வேண்டும். அதே தீர்ப்பு கால நேரத்தையும் பேசுகிறது. சம்பவத்துக்குப் பின் விரைவில், புலனாய்வு நடக்கும்போது வரும் சமரசத்தை நீதிமன்றம் தாராளமாக ஏற்கும். சாட்சியம் முடிந்து வாதமும் கேட்கப்பட்ட பின் வரும் சமரசத்தில் அந்தத் தாராளம் இருக்காது.

ஆகவே, நடுவர் முன் ராஜி என்பது பெரும்பாலும் கேட்டால் கிடைக்கும் நிவாரணம். உயர் நீதிமன்ற ரத்து நீதிபதியின் விருப்புரிமைக்கு உட்பட்ட நிவாரணம். இரு தரப்பும் சென்னைக்கோ மதுரைக் கிளைக்கோ ஆவணங்களோடு செல்ல வேண்டியிருக்கும், செலவும் கூடும். ஆனாலும் ரத்து உத்தரவு பெற்றவர் விசாரணையையே சந்திக்காதவர் ஆகிறார். தொடக்கத்திலேயே சமரச வாய்ப்பு தெரிகிறது என்றால், குற்றப்பத்திரிகை வரட்டும் என்று காத்திருப்பதில் எதிரிக்கு லாபம் ஏதும் இல்லை.

குற்ற ஒப்புதல் பேரம்

குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை பெறும் இந்த ஏற்பாடு 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது; ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு உரியது. பெண்ணுக்கோ குழந்தைக்கோ எதிரான குற்றமானால் கிடைக்காது. புதிய சட்டத்தின்படி குற்றச்சாட்டு வனையப்பட்ட 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தபட்சத் தண்டனை வரையறுக்கப்படாத குற்றத்தில், முன்பு தண்டனை பெறாத எதிரிக்கு அதிகபட்சத்தில் ஆறில் ஒரு பங்கு விதிக்கலாம். 118(1)-க்கு அது ஆறு மாதம். நன்னடத்தையின் பேரில் விடவும் இடமுண்டு.

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இது தண்டனை என்றே முடிகிறது. வழக்கமான மேல்முறையீடும் கிடையாது. இழப்பீட்டுடன் கூடிய உடன்பாட்டுக்குப் பாதிக்கப்பட்டவரும் வந்தாக வேண்டும். அவர் அந்த அளவுக்கு இறங்கி வருகிறார் என்றால், அதே சம்மதத்தைக் கொண்டு ராஜியோ ரத்தோ பெற்றுவிடலாம். பிறகு குற்றவாளி என்ற பெயரை எதற்குச் சுமக்க வேண்டும்? சாட்சியம் மிக வலுவாக உள்ள, உயர் நீதிமன்றம் ஏற்கெனவே ரத்து மறுத்துவிட்ட வழக்கில் மட்டுமே இதற்கு ஒரு நியாயம் தெரிகிறது.

சம்மதம் கிடைக்காதபோது

எதிர்த்தரப்பு இறங்கி வரவில்லை என்றால், விசாரணைக்கு முன்பே வழக்கை நிறுத்த இரு மனுக்கள் உண்டு. உயர் நீதிமன்றத்தில் தகுதி அடிப்படையிலான ரத்து மனு ஒன்று. 1990-ஆம் ஆண்டின் பஜன் லால் தீர்ப்பு அதற்கான ஏழு சூழல்களை எடுத்துக்காட்டியது. புகாரை அப்படியே நம்பினாலும் குற்றம் அமையவில்லை என்ற நிலை இருந்தால்தான் இது பலிக்கும். ‘புகார் பொய், நான் அங்கே இல்லை’ என்பது சாட்சியத்தால் தீர வேண்டிய தகராறு. அதை உயர் நீதிமன்றம் இந்தக் கட்டத்தில் தொடாது. மற்றொன்று, குற்றச்சாட்டுக்கு அடிப்படையே இல்லை என்று சொல்லி நடைமுறைச் சட்டத்தின் 262-ஆம் பிரிவின் (பழைய 239) கீழ் போடும் விடுவிப்பு மனு. ஆவண நகல்கள் வழங்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்ற கெடு புதிது. ஈராண்டுக்கு மேல் தண்டனையுள்ள பிடியாணை வழக்குகளுக்கே இது உரியது. 115(2) மட்டுமே உள்ள அழைப்பாணை வழக்கில் கிடையாது. பல எதிரிகளில் ஒருவருடைய பெயர் சாட்சிகளின் வாக்குமூலங்களில் எந்தச் செயலோடும் இணைக்கப்படாமல், கடைசியில் ஒட்டவைத்ததுபோல் இருந்தால், அவருக்கு இது சரியான கருவி. காயம்பட்ட சாட்சி நேரடியாகக் கைகாட்டும் எதிரிக்கு, எதிர்வாதத்தை முன்கூட்டியே அரசுத் தரப்புக்குக் காட்டிக்கொடுத்ததாக மட்டுமே இது முடியும்.

விசாரணையில்: மறுப்பா, தற்காப்பா?

வழக்கு விசாரணைக்குப் போய்விட்டால் உண்மையான தேர்வு இங்கேதான் தொடங்குகிறது. ‘நான் அடிக்கவில்லை’ என்பது முழு மறுப்பு. ‘அடித்தேன், ஆனால் என்னைக் காத்துக்கொள்ள’ என்பது தற்காப்புரிமை. ‘காயம் நீங்கள் சொல்லும் வகையைச் சேர்ந்ததல்ல’ என்பது குற்றத்தின் அளவைக் குறைக்கும் வாதம்.

முழு மறுப்பின் பலம், எதிரி எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்பது. அரசுத் தரப்பின் கதையில் ஓட்டை போட்டால் போதும். இதற்கு மிக உதவும் காகிதம் அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு. காயம்பட்டவர் மருத்துவரிடம், எத்தனை பேர், தெரிந்தவர்களா தெரியாதவர்களா, எதனால் அடித்தார்கள் என்று சொன்னது அதில் பதிவாகியிருக்கும். மருத்துவமனையில் ‘அடையாளம் தெரியாத இருவர், கையால்’ என்று பதிவாகி, மறுநாள் புகாரில் ‘ஐந்து பேர், உருட்டுக்கட்டையால்’ என்று பெயர்களோடு மாறியிருந்தால், அந்த இடைவெளியே வழக்கின் மையமாகிவிடும். புகாரின் தாமதம், பொதுச் சாட்சிகள் இல்லாமை, ஆயுதம் கைப்பற்றப்பட்டதில் உள்ள முரண் ஆகியவை இதற்குத் துணை. பலவீனம் என்னவென்றால், காயம்பட்ட சாட்சியின் சொல்லுக்கு நீதிமன்றங்கள் தனி மதிப்புத் தருகின்றன. தன்னை அடித்தவனை விட்டுவிட்டு வேறொருவனைச் சொல்ல அவருக்குக் காரணமில்லை என்பது அதன் தர்க்கம். ‘சம்பவத்தன்று வேறிடத்தில் இருந்தேன்’ என்ற வாதமோ மறுப்பைவிடக் கடினமானது. அதை எதிரியே ஐயமின்றி நிறுவ வேண்டும், நிறுவ முடியாமல் போனால் மற்ற வாதங்களின் நம்பகத்தன்மையும் குறையும்.

தற்காப்புரிமை நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் உள்ளது. தன் உடலை மட்டுமன்றிப் பிறர் உடலையும் காக்கலாம். தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்யக்கூடாது. காவல்துறையின் உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை. ஆபத்து நீங்கியதும் உரிமையும் முடிகிறது. எதிராளி ஓடிய பிறகு துரத்திச் சென்று அடித்த அடிக்கு இது காப்பாகாது. மோதுவதற்கென்றே இரு தரப்பும் கூடிய சண்டையில் பொதுவாக யாருக்கும் இது கிடைக்காது. அதே வேளை, தாக்கப்படுபவர் தன் அடியைத் தராசில் நிறுத்துப் பார்த்துக் கொடுக்க முடியாது என்பதையும், உண்மையான ஆபத்து இல்லாவிடினும் நியாயமான அச்சம் போதும் என்பதையும் 2010-ன் தர்ஷன் சிங் தீர்ப்பு தெளிவாக்கியுள்ளது.

தற்காப்பை நிரூபிக்கும் பொறுப்பு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 108-ஆம் பிரிவின்படி எதிரியுடையது. ஆனால் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கக்கூடும் என்ற அளவுக்கு நிகழ்தகவைக் காட்டினால் போதும், அதுவும் அரசுத் தரப்புச் சாட்சிகளின் வாயிலிருந்தே வரலாம். எதிரியின் உடலில் இருந்த காயங்களை அரசுத் தரப்பு விளக்காமல் விட்டால், சம்பவத்தின் தொடக்கத்தை மறைக்கிறது என்ற ஊகத்துக்கு இடமுண்டு என்று 1976 முதல் உச்ச நீதிமன்றம் கூறிவருகிறது. மேலோட்டமான சிராய்ப்புகளுக்கு மட்டும் அந்த விதி பொருந்தாது. எனவே எதிரியும் அன்றே மருத்துவமனைக்குச் சென்று பதிவு செய்துகொண்டாரா என்பது, பின்னால் எந்த வாதத்திறமையும் ஈடுசெய்ய முடியாத விஷயம்.

மறுப்பு, தற்காப்பு இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். சட்டம் தடுக்கவில்லை; எதிரி வெளிப்படையாகக் கோராவிட்டாலும், சாட்சியத்திலிருந்து தற்காப்பு தெரிந்தால் நீதிமன்றம் அதைக் கருதலாம். ஆனால் நடைமுறையில் ஆபத்து இருக்கிறது. குறுக்கு விசாரணையில் ‘நீங்கள் முதலில் அரிவாளை ஓங்கியதால்தான் என் கட்சிக்காரர் தள்ளினார்’ என்று ஒரு யோசனையைச் சாட்சியிடம் வைத்துவிட்டால், எதிரி அங்கே இருந்தார் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. வழக்கறிஞர் வைக்கும் இத்தகைய யோசனைகளை எதிரிக்கு எதிராகக் கணக்கில் எடுக்கலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே முதல் சாட்சி கூண்டேறும் முன்பே ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். எதிரிக்குப் பதிவான காயமும் எதிர்வழக்கும் (அதே சம்பவத்துக்காக எதிர்த்தரப்பின் மீது உள்ள வழக்கு) இருந்தால் தற்காப்பு; இரண்டும் இல்லாமல், விபத்துப் பதிவேடு எதிரிக்குச் சாதகமாக இருந்தால் மறுப்பு. வழக்கும் எதிர்வழக்கும் உள்ள இடத்தில் இரண்டையும் ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரிக்க வேண்டும் என்பது நிலைபெற்ற விதி. அதற்கான மனுவைத் தாமதிக்கக் கூடாது.

குற்றத்தைக் குறைக்கும் வாதம் கவர்ச்சியற்றது, ஆனால் பலன் தருவது. எலும்பு முறிவு என்று காயச் சான்றிதழ் சொன்னால், எக்ஸ்ரே படமும் அதைப் படித்த மருத்துவரின் சாட்சியமும் எங்கே என்று கேட்கலாம். கடும் வலியோ அன்றாட வேலை செய்ய முடியாமையோ 15 நாட்கள் நீடித்தால் அது கொடுங்காயம். பழைய சட்டத்தில் 20 நாட்கள். 117(2) இவ்வாறு 115(2) ஆகிவிட்டால் ஏழாண்டு ஓராண்டாகிறது. 118(1)-இல் ஆயுதம் உண்மையிலேயே உயிரைப் பறிக்கக்கூடியதா என்பது பொருளின் அளவையும் பயன்படுத்திய விதத்தையும் பொறுத்தது. எல்லாக் கல்லும் ஆபத்தான ஆயுதம் ஆகிவிடாது. குற்றம் நிரூபணமானாலும், 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் சிறையின்றி விடக் கோரலாம். அதன் 12-ஆம் பிரிவு தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது.

அரசு வேலை கருதுவோருக்கு

காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞருக்கு மேற்சொன்ன தரவரிசை சற்று மாறும். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனாலோ புகார்தாரர் பிறழ் சாட்சியானதாலோ விடுதலையானவர், குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். வெளியே சமாதானம் பேசிவிட்டுச் சாட்சியைப் பிறழவைத்துப் பெறும் விடுதலை, மற்றவர்களுக்குப் போதுமானதாக இருக்கலாம். இவருக்கு அது போதாது, சாட்சியைப் பொய் சொல்ல வைப்பதில் உள்ள சட்டச் சிக்கல் வேறு. முறைப்படி உயர் நீதிமன்றத்தில் ரத்து பெறுவதோ, சாட்சிகளை முழுமையாகக் குறுக்கு விசாரணை செய்து குற்றச்சாட்டு பொய்யென்று தீர்ப்பில் எழுதவைப்பதோ அவருக்கு மேலானது. எப்படி முடிந்திருந்தாலும், சரிபார்ப்புப் படிவத்தில் வழக்கு பற்றிக் கேட்கப்பட்டிருந்தால் மறைக்கக் கூடாது. 2016-ன் அவதார் சிங் தீர்ப்பு, அற்பமான வழக்கை மறைத்ததைப் பணியளிப்பவர் மன்னிக்கலாம் என்கிறதே தவிர, மன்னித்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.