ரீஃப் தொட்டியில் ராஸ் மீன்கள்: எது எதோடு ஒத்துப்போகும்?

நிறத்தைப் பார்த்து ராஸ் (wrasse) எனும் கடல்மீனை வாங்கினால் சில மாதங்களில் தொட்டி சண்டைக்களமாகிவிடும். எந்த வகை, அது எங்கே இரை தேடும், எங்கே தூங்கும் என்று பார்த்து வாங்கினால் நான்கைந்து ராஸ்கள் ஒரே தொட்டியில் ஆண்டுக்கணக்கில் நிம்மதியாக இருக்கும். கீழே சொல்வதெல்லாம் நான்கடி நீளம், சுமார் 300 லிட்டர் கொள்ளளவு உள்ள பவளத் தொட்டிக்கு.

முதலில் சிக்ஸ்லைன் ராஸ். விலை குறைவு, உருவம் சிறிது, பவளத்தைத் தொடாது, தட்டைப்புழுக்களையும் தின்னும். இவையெல்லாம் உண்மைதான். குட்டியாக வரும்போது அடக்கமாகவும் இருக்கும். பாறை முழுவதும் பழகிய பிறகுதான் அதன் சுயரூபம் தெரியும்: அடுத்து விடும் சிறிய, நீளமான மீன் எதையும் நிம்மதியாக இருக்க விடாது. துடுப்பில் விழும் கிழிசல் ஆறிவிடும். ஆனால் துரத்தப்பட்ட மீன் பாறை இடுக்கை விட்டு உணவுக்கு வெளியே வராது. பட்டினியில் மெலிந்துதான் சாகும். ஃபேரி, ஃப்ளாஷர் எனும் ராஸ் வகைகளை வளர்க்கும் எண்ணம் இருந்தால் சிக்ஸ்லைனைத் தொடவே வேண்டாம். தொட்டியில் அது ஒன்றுதான் ராஸ் என்றால், எல்லா மீன்களுக்கும் கடைசியாக விடுங்கள். பாறை இடுக்குகளில் உலவும் சிறிய ராஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கு போசம் ராஸ் நல்ல தேர்வு. மிகவும் கூச்சமுள்ள மீன், அதனால் அதை முதலிலேயே விட்டுவிட வேண்டும்.

தொட்டியின் நடுநீரில் நீந்துபவை ஃபேரியும் ஃப்ளாஷரும். மிதந்து வரும் உணவைத்தான் பிடிக்கும். பவளம், நத்தை, பெரிய இறால் எதற்கும் தொல்லை இல்லை. ஓர் இனத்துக்கு ஓர் ஆண் என்பதுதான் விதி. இரண்டு ஃபேரி இனங்கள் வேண்டுமானால் நிறமும் துடுப்பு வடிவமும் நன்றாக வேறுபடுபவையாக எடுங்கள். தன்னைப் போலவே இருப்பவனைத்தான் ஆண் முதலில் எதிரியாக நினைக்கும். சொலோரென்சிஸ் ஃபேரியும் மெக்காஸ்கர் ஃப்ளாஷரும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஸ்காட் ஃபேரி அழகுதான், ஆனால் முரடு. இந்த மீன்களில் பெண்தான் பிறகு ஆணாக மாறும். எனவே ஓர் ஆணோடு அதைவிடச் சிறிய பெண் ஒன்றோ இரண்டோ சேர்த்து விடலாம். பெண்ணே இல்லாமல் தனியாக இருக்கும் ஆணின் பளபளப்பு போகப்போக மங்குவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

கடையில் தலை கீழாகத் தொங்கியபடி நீந்தும் ஃபேரியை வாங்காதீர்கள். ஆழத்திலிருந்து வேகமாக மேலே கொண்டுவரப்பட்டதில் அதன் காற்றுப்பை கெட்டிருக்கலாம்.

மெலனூரஸ், மஞ்சள் கோரிஸ், லெப்பர்ட் ஆகிய ராஸ்கள் மணலில் புதைந்து தூங்கும். இவற்றுக்கு நுண்மணல் குறைந்தது 5 செ.மீ. ஆழம் வேண்டும். தொட்டி முழுவதும் போட மனமில்லை என்றால், பாறைக்குப் பின்னால் ஒரு டப்பாவில் மணல் நிரப்பி வைத்தாலும் போதும். உடைந்த பவளத் துண்டுகள் போன்ற கரடுமுரடான மணல் தோலையும் வாயையும் கீறி, அந்தக் காயத்தில் கிருமி தொற்றும். புதிய மீனை நோய் இருக்கிறதா என்று தனியே வைத்துப் பார்க்கும் தனிமைத் தொட்டியிலும் மணல் டப்பா அவசியம். ஆனால் அங்கே ஒட்டுண்ணிகளுக்கான செம்பு மருந்து போடும்போது சுண்ண மணல் செம்பை உறிஞ்சிக்கொள்ளும், அளவு இறங்கும். அதனால் சிலிக்கா மணல் போட்டு, செம்பின் அளவைத் தினமும் சோதியுங்கள்.

புதிதாக வந்த லெப்பர்ட் சில நாள் மணலுக்குள்ளேயே கிடக்கும். செத்துவிட்டதோ என்று பயந்து தோண்டுவதுதான் அதற்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல். தண்ணீர்ச் சோதனையில் அம்மோனியா (மீன் செத்து அழுகினால் இது ஏறும்) ஏறாதவரை கை வைக்காதீர்கள். வெளியே வந்ததும் பாறையில் மேய கோபிபாட் எனும் நுண்ணிய ஓட்டுயிரிகள் நிறைய இருக்க வேண்டும், கூடவே உறைந்த மைசிஸை (இறால் போன்ற சிற்றுயிர்) பொடியாக நறுக்கித் தினம் மூன்று முறை கொடுங்கள். புதுத் தொட்டியில் லெப்பர்ட் பிழைப்பது அரிது.

மெலனூரஸ், மட்டிகளை அரிக்கும் சின்ன நத்தைகளைத் தின்னும். குழாய்ப்புழுவும் மிகச் சிறிய இறாலும் அதன் வாயிலிருந்து தப்பாது. லூனாரே போன்ற தலசோமா வகையும், பாறை புரட்டும் டிராகன் ராஸும் இந்த அளவுத் தொட்டிக்கு ஆகாது. மற்ற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்னும் கிளீனர் ராஸ் தொட்டியில் பெரும்பாலும் பட்டினியால் மடியும், கடலிலேயே இருக்கட்டும்.

இவற்றில் நீங்கள் எடுப்பவற்றை விடும் வரிசை: போசம், லெப்பர்ட், ஃப்ளாஷர், மஞ்சள் கோரிஸ், ஃபேரி, கடைசியில் மெலனூரஸ். புதியதை, துளையிட்ட தெளிவான அக்ரிலிக் பெட்டியில் போட்டு நான்கைந்து நாள் தொட்டிக்குள்ளேயே தொங்கவிடுங்கள். மணலில் தூங்குபவைக்குப் பெட்டிக்குள் ஒரு கிண்ணம் மணல் வையுங்கள். பழைய மீன் பெட்டியை முட்டுவதை நிறுத்திய பிறகு, விளக்கு அணையும் நேரத்துக்குச் சற்று முன் திறந்துவிடலாம்.

மூடி இல்லாத தொட்டியில் ராஸ் வைக்கவே கூடாது, துள்ளி வெளியே விழும். 6 மி.மீ. கண்ணுள்ள வலையை அலுமினியச் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். ஒயர் நுழையும் மூலை, தண்ணீர் வழிந்து வெளியேறும் ஓவர்ஃப்ளோ பெட்டியின் மேல்வாய், தானியங்கி உணவூட்டிக்காக வெட்டிய ஓட்டை ஆகிய மூன்றையும் தனியாகப் பாருங்கள். விளக்கு சட்டென அணைந்தால் துள்ளும், ஆகவே அரை மணி நேரம் மெல்ல மங்கும்படி டைமரை வையுங்கள்.