அடைக்கோழியா, ஒரு நாள் குஞ்சா? அதில் பொட்டை எது?

புதிதாகக் கோழி வளர்க்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது இரண்டே கேள்வி. குஞ்சை எங்கே வாங்குவது? அதில் பொட்டை எத்தனை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "எல்லாம் பொட்டதான் சார், கண்ண மூடிகினு எடுத்துகினு போ" என்று பதில் வரும். காட்பாடிப் பக்கம் சில வருடங்களாகப் பத்துப் பதினைந்து கோழி வைத்திருக்கிறேன். எல்லா வழியிலும் குஞ்சு வாங்கி, எல்லா வழியிலும் ஏமாந்திருக்கிறேன்.

தெருவில் கூடையில் வரும் கலர் குஞ்சை முதலிலேயே தள்ளிவிடலாம். பச்சை, ரோஸ் என்று சாயம் ஏற்றியவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் பிரித்து ஒதுக்கிய சேவல் குஞ்சுகள். முட்டைக்கும் ஆகாது, கறிக்கும் சீக்கிரம் தேறாது. சேவலா பொட்டையா என்ற சந்தேகம் அதிகம் இல்லாத குஞ்சு இது ஒன்றுதான் என்பது வேடிக்கை.

உண்மையான போட்டி பொரிப்பகத்தின் ஒரு நாள் குஞ்சுக்கும் வீட்டு அடைக்கோழிக்கும்தான். ஒரு நாள் குஞ்சில் வசதி அதிகம். முப்பது கேட்டால் முப்பதும் ஒரே வயதில் கிடைக்கும். வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்குவதால் பெட்டியில் பயணமும் செய்யும். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அதற்குத் தாய் நீங்கள்தான். முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைக்கலாம். தகரத்தை வட்டமாக வளைத்து, கீழே உமியோ மல்லாட்டை (வேர்க்கடலை) தோலோ பரப்பி, நடுவில் பல்பு தொங்கவிட்டால் போதும். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சைப் பாருங்கள். பல்புக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரி.

மார்கழியில் ஒரு ராத்திரி எங்கள் தெருவில் கரண்ட் போனது. நான் தூங்கிவிட்டேன். காலையில் மூலையில் குவியலாகக் கிடந்தவற்றில் பதினொன்று அசையவில்லை. குளிரில் செத்தவை குறைவு, நசுங்கிச் செத்தவைதான் அதிகம். அதன் பிறகு தகரத்தில் மூலையே இல்லாமல் வளைத்து வைக்கிறேன். கத்திரி வெயிலில் கதை தலைகீழ்: வேலூர் வெயிலில் பகலில் கொட்டகையே 40 டிகிரியைத் தொடும், பல்பு போட்டால் குஞ்சு வெந்துபோகும். ராத்திரிக்கு மட்டும் பார்த்துப் போட வேண்டும்.

அடைக்கோழிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியும். பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்தால் 21-ஆம் நாள் பொரித்து, இறக்கைக்குள் வைத்துக் காப்பாற்றிவிடும். பக்கத்து வீட்டு ஆயா அடை வைக்கும்போது முட்டைக்கு அடியில் மணலில் ஓர் இரும்புத் துண்டும் கரியும் போடுவார், இடிக்குக் கெடாதாம். நான் வாதாடுவதில்லை. நான் செய்வது ஏழாம் நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் கரு ஓடாத முட்டையை எடுத்துவிடுவது. இதில் குறை இரண்டு. நமக்கு வேண்டும்போது கோழி அடையில் உட்காராது. தாயோடு வெளியே மேயும் குஞ்சைப் பருந்தும் கீரியும் விடாது. தடுப்பூசியும் நம் பொறுப்பு: முதல் வாரத்திலேயே கண்ணில் ஒரு சொட்டு வெள்ளைக்கழிச்சல் நோய்த் தடுப்பு மருந்து. ஒரு குப்பி நூறு குஞ்சுக்கு மேல் வரும், கரைத்துவிட்டால் வைத்திருக்க முடியாது. எனவே கால்நடை மருந்தகத்துக்குப் போகும் முன் தெருவில் நாலு வீட்டைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

ஒரு மாதக் குஞ்சு இரண்டுக்கும் நடுவில். விலை கூட, ஆனால் பல்பு வேலை முடிந்திருக்கும். கோடையில்தான் ஆரம்பிப்பேன் என்று அடம்பிடிப்பவர்கள் இதையே வாங்கலாம்.

சரி, பொட்டை எது? கூர்மையான முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பொட்டை என்பதை நம்பி அடை வைத்துப் பார்த்தாயிற்று, பலனில்லை. ஆசனவாயைப் பிதுக்கி உள்ளே இருக்கும் சிறு மொட்டைப் பார்ப்பது ஜப்பானியர்கள் 1920-களில் கண்டுபிடித்து உலகத்துக்குக் கற்றுத்தந்த வித்தை. பழகியவர்கள் மணிக்கு ஆயிரம் குஞ்சுவரை பிரிப்பார்கள். பழகாத கை அழுத்தினால் குஞ்சின் குடல் போகும். நான் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆயா கேட்டார்: "இன்னா நைனா, பச்சப் புள்ளைய அங்க பாக்கற? வயசு வந்தா அதுவே சொல்லும்."

இறக்கை பார்ப்பது எளிது, வலியும் இல்லை. விரித்தால் பொட்டைக்கு நீண்ட இறகும் குட்டை இறகும் மாறி மாறி இருக்கும், சேவலுக்கு ஒரே மட்டமாக இருக்கும். ஆனால் அதற்கென்றே இணை சேர்த்த ரகங்களில், முதல் ஓரிரு நாளில் மட்டுமே செல்லும். நம் நாட்டுக்கோழி ரகங்களான சிறுவிடைக்கும் பெருவிடைக்கும் இது பொருந்தாது. வனராஜா, கிராமப்பிரியா போன்ற கலப்பு ரகங்களையும் பெரும்பாலும் பிரிக்காமல்தான் தருவார்கள். பத்துக் குஞ்சு வாங்கினால் ஏழோ அதற்கு மேலோ சேவலாக அமைவது ஆறு முறைக்கு ஒரு முறை நடக்கும். விற்றவரைத் திட்டிப் பயனில்லை.

காத்திருப்பதுதான் நாட்டுக்கோழிக்கு ஒத்துவரும். ஐந்தாறு வாரத்தில் சேவலின் கொண்டை பெரிதாகிச் சிவக்கும், கால் தடிக்கும். அசீல் ரகத்துக்குக் கொண்டையே சிறியது, கடக்நாத் ரகத்துக்குக் கறுப்பு. இந்த இரண்டிலும் கொண்டையை நம்பாமல், மூன்று மாதம் பொறுத்து முதுகின் பின்பக்க இறகைப் பாருங்கள். கூராக நீண்டிருந்தால் சேவல், நுனி உருண்டிருந்தால் பொட்டை.

என் ஓட்டு அடைக்கோழிக்கு, அதுவும் தையில். குளிரும் வெயிலும் மிஞ்சாது, ஆடிக்குள் சேவல் தேறிவிடும். ஆடியில் அம்மனுக்குச் சேவல் தேடாத வீடு இங்கே குறைவு. முட்டைப் பண்ணைக்குச் சேவல் நஷ்டம், நமக்கு அப்படியில்லை. அதனால் பொட்டையைத் தேடி முதல் நாளே குஞ்சை வதைக்க வேண்டிய அவசரமும் இல்லை.

இந்தத் தையில் பொரித்தவை ஒன்பது. ஒன்றுக்கு மட்டும் கொண்டை சிவக்க ஆரம்பித்திருக்கிறது. ஆயா அதை இப்போதே ஆடிக்குச் சொல்லி வைத்துவிட்டார்.