துணி டயப்பரா, யூஸ் அண்ட் த்ரோவா? சேலத்துக்கு ஒரு கணக்கு, ஏற்காட்டுக்கு ஒரு கணக்கு

என் ஓட்டு துணி டயப்பருக்குத்தான். ராத்திரிக்கும் பஸ் பயணத்துக்கும் மட்டும் கடை டயப்பரே சௌகரியம். ஏழெட்டு மணி நேரம் தாங்கும், குழந்தையின் தூக்கம் கலையாது. பகல் முழுக்க அதையே கட்டுவதுதான் வீண் செலவு.

காசு கணக்கைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நாளுக்குச் சராசரியாக 5 டயப்பர், ஒன்று 10 ரூபாய் என்று வைத்தால் இரண்டரை வருடத்தில் 45,000 ரூபாயைத் தாண்டும். துணியில், பாக்கெட் டயப்பர் (தண்ணீர் தாங்கும் மேலுறையும் உள்துணியும் சேர்த்துப் பைபோலத் தைத்தது) ஒன்று 450 ரூபாய் வீதம் 20 வாங்கினால் 9,000. அந்தப் பைக்குள் செருகும் உறிஞ்சு பட்டைதான் இன்சர்ட்; கூடுதல் இன்சர்ட்டுக்கு 1,500. ஒருநாள் விட்டு ஒருநாள் மெஷின் போட பவுடர், கரன்ட், தண்ணீர் என்று தடவைக்கு 15 ரூபாய் வைத்தாலும் 7,000க்குள் முடியும். விலை முன்னே பின்னே இருந்தாலும் பாதிக்கு மேல் மிச்சம். துவைக்கக் கூலிக்கு ஆள் வைக்கும் வீட்டில் இந்த மிச்சம் கரைந்துவிடும். பாட்டியின் பழைய வேட்டியைக் கிழித்து லங்கோடு கட்டும் வீட்டில் இன்னும் கூடும்.

சுற்றுச்சூழல் விஷயத்தில் 'துணி என்றாலே நல்லது' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை வருடப் பயன்பாட்டுக்கு யூஸ் அண்ட் த்ரோ சுமார் 550 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயுவை வெளியிட்டது. துணி டயப்பர் சுமார் 570 கிலோ! துவைக்கச் சுடவைத்த தண்ணீருக்கும் காயவைத்த டிரையருக்கும் போன மின்சாரம்தான் காரணம். கொடியில் காயப்போட்டு, மெஷின் நிறையத் துவைத்து, அடுத்த குழந்தைக்கும் அதையே கட்டினால் சுமார் 200 கிலோ குறையும் என்றும் அதே ஆய்வு கண்டது. கடை டயப்பரில் மரக்கூழ் பஞ்சு மட்டும் மக்கும். ஈரத்தை இழுக்கும் ஜெல்லும், மேலும் கீழும் உள்ள பிளாஸ்டிக் தாள்களும் குப்பைமேட்டிலேயே கிடக்கும்.

ஆக, எப்படிக் காயவைக்கிறோம் என்பதுதான் மொத்தக் கணக்கையும் தீர்மானிக்கிறது. சேலமும் ஏற்காடும் பிரிவதும் இங்கேதான்.

சேலத்தில் ஏப்ரல் மாதம் காலை 9 மணிக்கு மொட்டைமாடிக் கொடியில் போட்ட பருத்தி இன்சர்ட், மதியச் சாப்பாட்டுக்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும். இன்சர்ட்டுக்கு நல்ல வெயில், மேலுறைக்கு நிழல். உறையின் உள்பக்கத் தண்ணீர் தாங்கும் பூச்சும் தொடை எலாஸ்டிக்கும் சூட்டில் சீக்கிரம் கெடும். எலாஸ்டிக்கைப் பிடித்துத் தொங்கவிடாமல் கொடியில் குறுக்கே போடுங்கள்.

ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். மூடுபனி நாளில் நாலைந்து அடுக்கு வைத்துத் தைத்த இன்சர்ட் இரண்டு நாளானாலும் காயாது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். நடுவில் மடித்துப் புறங்கையில் அழுத்திப் பாருங்கள். ஜில்லென்றால் உள்ளே ஈரம். அதை அப்படியே கட்டினால் முதல் மூத்திரத்திலேயே நாற்றம் வரும். அதனால் மலைமேல் இருப்பவர்கள் பாக்கெட் டயப்பரை விட்டுவிட்டு, 70 சென்டிமீட்டர் சதுரமான மல் துணி 30 எடுத்து, பட்டையாக மடித்து, தண்ணீர் தாங்கும் உறை 6-க்குள் வையுங்கள். பிரித்துப் போட்டால் ஒற்றை அடுக்குதானே, வீட்டுக்குள் கட்டிய கொடியிலேயே காய்ந்துவிடும். மலம் படாத உறையைத் துடைத்து ஆறவிட்டு இரண்டு மூன்று முறை கட்டலாம். செலவும் சேலத்துக் கணக்கைவிடக் குறைவு. டிரையர் வாங்கத் தோன்றினால் மேலே சொன்ன 570 கிலோவை நினைத்துக்கொள்ளுங்கள்.

சேலத்துக்காரர்களுக்கு வெயில் இருக்கிறது, தொல்லை தண்ணீரில். உப்பான போர் தண்ணீரில் பவுடர் சரியாக வேலை செய்யாது. உப்பும் பவுடரும் சேர்ந்து நூலில் படியும். ஒரு மாதத்தில் இன்சர்ட் அப்பளம் மாதிரி விறைக்கும், மேலே விட்ட தண்ணீர் முத்து முத்தாக உருளும். முதல் அலசலுக்குப் போர் தண்ணீர் போதும். பவுடர் போட்டுத் துவைப்பதையும் கடைசி அலசலையும் குழாயில் வரும் மேட்டூர் தண்ணீரில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் துவைத்த இன்சர்ட்டை வாளியில் நல்ல தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். நுரை வந்தால் இன்னும் ஒரு அலசு தேவை. வாசனைக்கு ஊற்றும் ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டவே வேண்டாம், நூலில் மெழுகுபோல் படிந்து உறிஞ்சவிடாது.

எண்ணெயும் அதே வேலையைத்தான் செய்யும். தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடு பாக்கெட் டயப்பரைக் கட்டினால் உள்துணி ஈரத்தை இழுக்காது, மூத்திரம் தொடை வழியாக வழியும். குளிப்பாட்டும்வரை லங்கோடே போதும்.

புது பருத்தி இன்சர்ட்டை வந்த அன்றே கட்டாதீர்கள். நாலைந்து துவைப்புக்குப் பிறகுதான் முழுசாக உறிஞ்சும். மைக்ரோஃபைபர் இன்சர்ட் சீக்கிரம் காயும், ஆனால் தோலில் நேராகப் படக்கூடாது. ஈரத்தோடு தோலின் எண்ணெய்ப்பசையையும் இழுத்துவிடும். தொடையோரம் கசிந்தால் முதலில் எலாஸ்டிக் இடுக்கில் உட்கார்ந்திருக்கிறதா, இன்சர்ட் ஓரம் வெளியே எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

மலத்தை ஹெல்த் ஃபாசெட்டில் கழிவறைக்குள்ளேயே அடித்துக் கழுவிவிட்டு, காற்றோட்டமான கூடையில் போடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் சேர்க்கக்கூடாது. வாளியில் ஊறப்போட்டால் உறைப் பூச்சு உரியும்.

அடுத்த குழந்தைவரை எல்லா உறையும் தாங்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. துணி தாங்கும், எலாஸ்டிக்தான் முதலில் தளரும். பழசு வாங்கும்போது இழுத்துவிட்டுப் பாருங்கள், சட்டென்று சுருங்க வேண்டும். தளர்ந்திருந்தால் தையல்கடையில் எலாஸ்டிக்கை மட்டும் மாற்றலாம். ஊசி பழைய தையல் ஓரத்திலேயே ஓடட்டும். நடுவில் குத்தினால் அந்த ஓட்டை வழியே கசியும்.