சோடாக் கூலருக்குள் ஒரு மலைச்செடி: திருகோணமலையில் நான்கு ஆண்டு அனுபவம்

டென்ட்ரோபியம் என்றதும் எங்கள் ஊரில் பலருக்கும் நினைவுக்கு வருவது, முற்றத்து மரத்தில் கட்டிவிட்டால் கச்சான் காற்றையும் வெயிலையும் தாங்கிக்கொண்டு ஊதாப் பூங்கொத்துத் தள்ளும் கலப்பின ஓர்கிட்தான். டென்ட்ரோபியம் கத்பேர்ட்சோனியும் அதே பேரினம் என்பதால் வளர்ப்பும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன். 2021இல் நுவரெலியாவில் ஓர்கிட் வளர்க்கும் ஒருவரிடம் இரண்டு தொட்டிகளை வாங்கி, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் வைத்துப் பஸ்ஸில் திருகோணமலை நகரிலுள்ள உவர்மலைக்குக் கொண்டுவந்தேன். விரல் உயரம்கூட இல்லாத செடி. கரும்பச்சை இலைகளின் மேல் மணல் ஒட்டியதுபோல நுண்ணிய பருக்கள் மினுங்கும்.

இது நியூகினியின் உயர்மலைகளில், பெரும்பாலும் 2000 மீற்றருக்கு மேல், பாசி படர்ந்த மரங்களில் வளர்வது. பகலில் 22 பாகை, இரவில் 12 பாகை அளவில் இருந்தால் அதற்குச் சுகம். வெந்நீர்க் கிணறுகளுக்குப் பேர்போன கன்னியாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதை யன்னலோரம் வைத்து, ஈரத்துணி சுற்றிய மண்சட்டியால் குளிர்விக்கலாம் என்று எண்ணியது என் முதற் பிழை. ஒரு தொட்டி ஒரு மாதத்துக்குள் இலையுதிர்த்து மாண்டது. பகல் வெக்கையைவிட இரவு வெக்கையே அதைக் கொன்றது என்பது என் முடிவு. பகலில் சேர்த்த மாச்சத்தை, இரவிலும் 26 பாகையில் கிடக்கும் செடி தன் சுவாசத்திலேயே செலவழித்துவிடுகிறது.

மிஞ்சிய தொட்டிக்காகப் பழைய கண்ணாடிக் கதவுச் சோடாக் கூலர் ஒன்றை வாங்கினேன். அதனுடைய சொந்த வெப்பக் கட்டுப்பாடு சோடாவுக்கு ஏற்றதே தவிரச் செடிக்கு ஏற்றதல்ல என்பதால், பகலுக்கும் இரவுக்கும் வெவ்வேறு அளவு வைக்கக்கூடிய கருவி ஒன்றை வெளியே பொருத்தினேன். எல்ஈடி விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் ‘டிரைவர்’ பெட்டி சூடாகும்; அதையும் வெளியே வைத்தேன். இவையெல்லாம் ஒருநாள் வேலை. ஈரப்பதம்தான் மாதக்கணக்கில் என்னை அலைக்கழித்தது. கூலர் குளிர்விக்கும்போதே காற்றின் ஈரத்தைக் குழாயில் படியவைத்து வடித்துவிடுவதால், உள்ளே பாசி காய்ந்து சுருண்டது. புகைபோல நீரைத் தெளிக்கும் ஒரு கருவியை வைத்து அதற்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். இரண்டு வாரத்தில் இலைப் பருக்களெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துவிட்டன. மென்மையான தூரிகையால் ஒவ்வோர் இலையாகத் துடைத்தெடுத்தேன். அதன் பிறகு மாரியில் பிடித்துவைத்த மழைத்தண்ணீர் மட்டுந்தான்.

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணி நேரம்வரை நீண்டபோது, மீன்வாடியில் ஐஸ் கட்டி வாங்கிக் கூலரின் அடித்தட்டில் ஒரு வாளிக்குள் வைத்தேன். செடி பிழைத்தது, ஆனால், பல வாரங்களுக்குக் கதவைத் திறந்தால் அறுக்குளா வாடைதான் வந்தது. உப்புக்காற்றுப் பட்டதால் உள்ளே சுழலும் சிறு விசிறியையும் இதுவரை மூன்று முறை மாற்றிவிட்டேன். காற்று அசையாமல் நின்றால் இலையடியில் அழுகல் தொடங்கிவிடும் என்பதால், உதிரி ஒன்று எப்போதும் கைவசம் இருக்கும்.

முதற் பூ 2023 தைப்பொங்கலை ஒட்டி விரிந்தது. இலையைவிடப் பெரிய, குங்குமச் சிவப்புப் பூ. உதடு எனப்படும் நடு இதழின் நுனியில் மட்டும் கருநிறக் கறை. வாசனை இல்லை. ஆனால், அந்த ஒற்றைப் பூ ஆடி அமாவாசை கழிந்த பிறகே வாடியது. மல்லிகையை மாலையில் பறித்துக் காலையில் எறிகிற எங்கள் வீட்டில் இதை நம்பாதவர்கள் பலர். பிளாஸ்டிக் என்று தொட்டுப் பார்த்தவர்களும் உண்டு.

கூலர் மட்டும் மாதம் 50 அலகுக்கு மேல் எடுக்கிறது. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறியபின் இது சிறிய தொகையல்ல. பூ மட்டும் வேண்டுவோர் முற்றத்து டென்ட்ரோபியத்தோடு நிற்பதே நல்லது. இச்செடிதான் வேண்டும் என்போர் முதலில் வெறுங்கூலரை ஒரு மாதம் ஓட்டி, இரவு 12 பாகையில் நிலைக்கிறதா என்று பார்த்த பிறகே செடிக்குச் சொல்ல வேண்டும்.

இப்போது மூன்று மொட்டுகள் இருக்கின்றன. மேல்தட்டுக் காலியாகக் கிடப்பதைப் பார்த்து, "தயிர்ச்சட்டியையாவது வைக்கலாமே" என்று அம்மா கேட்கிறார். பகலில் 22 பாகை, புளித்துவிடும் என்று சொல்லித் தடுத்து வைத்திருக்கிறேன்.