ஷிமானோ இஎச்500 பெடல்: குதிகால் வலியோடு மிதிப்பவர்கள் வாங்கலாமா?

ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் கிளீட் (ஷூவின் அடியில் திருகும் சிறு உலோகத் துண்டு) மாட்டும் எஸ்பிடி, அதாவது ஷிமானோவின் பூட்டு அமைப்பு. இதுதான் இஎச்500. குதிகால், கணுக்கால் தசைநாண் வலி உள்ளவர்களுக்கு நல்ல பெடல். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டினால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது.

முன்பாதத்தால் அழுத்தும்போது குதிகால் கீழே இறங்காமல் கெண்டைக்கால்தான் பிடித்துக்கொள்கிறது. அந்த இழுவை முழுக்க அக்கிலிஸில், அதாவது குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாணில்தான் ஏறும். பெடலின் அச்சு பாதத்தில் பின்னுக்கு வர வர இந்தச் சுமை குறையும். தட்டைப் பக்கத்தில் நடுப்பாதத்தை வைத்தே மிதிக்கலாம். காரைக்குடியிலிருந்து பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் எழுந்து நின்று மிதிக்கிற ஏற்றம் கிடையாது. அதனால் நடுப்பாத மிதிப்பே தாராளமாகப் போதும். ஹவாய் செருப்பு மட்டும் வேண்டாம். அடி வளைந்தால் கணுக்காலுக்கு வேலை கூடும். வழுக்கினால் பெடலின் ஊசிகள் முன்னங்கால் எலும்பைக் கிழித்துவிடும்.

கிளீட் பக்கத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். பெருவிரல் மேட்டுக்கு நேரே கிளீட்டை வைப்பது வழக்கம். அக்கிலிஸ் வலி இருந்தால் அதிலிருந்து 5 முதல் 10 மி.மீ. பின்னுக்குத் தள்ளி, 4 மி.மீ. அலன் கீயால் 5–6 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். தள்ளிய பிறகு சீட்டையும் 2, 3 மி.மீ. இறக்க வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, வலி குறையவில்லை என்று பெடலைக் குறை சொல்கிறார்கள். சீட் உயரமாக இருந்தால் கால் கீழே போகும் ஒவ்வொரு முறையும் விரல்நுனி பெடலைத் தேடும், கெண்டைக்கால் இறுகும். மிகத் தாழ்ந்தால் குதிகால் கீழே அமுங்கி நரம்பு இழுபடும். குதிகாலைப் பெடலில் வைத்து அடிப்புள்ளிக்குக் கொண்டுபோங்கள். இடுப்பு சாயாமல் முழங்கால் நேரானால் உயரம் ஏறக்குறைய சரி.

வலி கணுக்காலின் வெளிப்புறம், எலும்பு முட்டுக்குப் பின்னால் இருந்தால் கதை வேறு. அது பெரோனியல் தசைநாண். கிளீட்டைக் கழற்றக் குதிகாலை வெளியே திருப்பும் அசைவே அதை உறுத்தும். எஸ்எச்51 கிளீட் பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும்; எஸ்எச்56 மேல்நோக்கிச் சாய்த்து இழுத்தாலும் விடும். வலி அடங்கியபின் இவர்களுக்கு 56தான். பெடலில் உள்ள 3 மி.மீ. திருகை இடப்புறமாகத் திருப்பி இறுக்கத்தைக் குறையுங்கள், ஆனால் திருகு கழன்று வரும் அளவுக்கு வேண்டாம். உள்கணுக்காலில் வலித்து பாதத்தின் வளைவும் தாழ்ந்திருந்தால் பெடலை மாற்றிப் பலனில்லை, ஷூவுக்குள் வளைவுத் தாங்கி வையுங்கள். பாதத்தின் மேல்புறம் வலித்தால் முதலில் ஷூ பட்டையைத் தளர்த்திப் பாருங்கள்.

மெடிக்கலில் விற்கும் சிலிக்கான் குதிகால் மெத்தை நடக்கும்போது உதவும். சைக்கிள் ஷூவுக்குள் அதனால் பெரிய பலன் இல்லை. மிதிக்கும் அழுத்தம் போவது முன்பாதம் வழியாக.

நம் ஊர்ச் செம்மண்தான் இந்தப் பெடலுக்கு எதிரி. மழைக்குப் பின் சேறு ஸ்பிரிங்கில் காய்ந்தால் கிளீட் விடாது. வலுவாக முறுக்க வேண்டிவரும், அந்த முறுக்கு நேரே கணுக்காலுக்குப் போகும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு ஸ்பிரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஷூவைத் திண்ணையிலேயே கழற்றிவிடுங்கள், ஆத்தங்குடிக் கல்லில் கிளீட் கீறும். குதிகால் சற்று உயர்ந்த செருப்பு ஒன்று வீட்டுக்குள் இருக்கட்டும். அக்கிலிஸ் வலிக்காரர்களுக்கு வெறுங்காலில் தரையில் நடப்பதே இழுவை.

பெடல் சுமையைக் குறைக்கும். நரம்பைத் தேற்றுவது பயிற்சிதான். வாசல் படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரு காலாலும் எழும்பி, வலிக்கும் காலால் மட்டும் மெல்ல இறங்க வேண்டும். முட்டி நேராக 15 தடவை 3 சுற்று, முட்டி மடக்கி அதே அளவு, காலை மாலை, 12 வாரம். வலி எலும்பில் ஒட்டுமிடத்திலேயே இருந்தால் படிக்குக் கீழே இறங்காமல் சமதரையில் செய்யுங்கள். பத்துக்கு ஐந்து வரை வலிக்கலாம், மறுநாள் காலைக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அளவைக் குறையுங்கள். தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் போய்வந்த கையோடு நீண்ட சைக்கிள் பயணம் வேண்டாம். திடீர்ச் சுமைதான் தசைநாணைக் கெடுக்கும்.

திடீரென்று பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்து, நுனிக்காலில் நிற்க முடியவில்லை என்றால் அன்றே எலும்பு மருத்துவரிடம் போங்கள். நரம்பு அறுந்திருக்கலாம். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் ஆன்டிபயாட்டிக் மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். வலி தொடங்கினால் எழுதித் தந்த டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

குறை ஒன்று: எந்தப் பக்கம் மேலே இருக்கும் என்று சொல்ல முடியாது, புறப்படும்போது குனிந்து பார்த்துக் காலால் புரட்ட வேண்டும். காரைக்குடி பஸ் ஸ்டாண்டு நெரிசலில் தட்டைப் பக்கமே போதும், ஊரைத் தாண்டியதும் மாட்டிக்கொள்ளலாம். பெரோனியல் வலி இன்னும் அடங்காதவர்களும், செருப்போடு மட்டுமே மிதிப்பவர்களும் இதை வாங்க வேண்டாம், சாதாரண அகலத் தட்டைப் பெடலே மேல். வாங்குபவர்கள் கிராங்க் (பெடல் பொருந்தும் தண்டு) துளை 9/16 அங்குலமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும். கிரீஸ் தடவி முதலில் கையாலேயே ஏற்றுங்கள்.